மூன்று நாற்பது வண்டியும் ஓவிய வகுப்பும்

ஓவியப் பயிற்சிக்கு இருபது பேர் வந்திருக்க வேண்டும். மூன்று மணி தாண்டி ஐந்து நிமிடம் ஆகியும் இரண்டு பேர்தான் இருந்தார்கள். அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

நூலகர் வேலாமணி இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள். இரண்டுதான்.

தூங்கியவர் குமாரசாமி. இலங்கையில் பிறந்து, தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பியனுப்பிய ஒப்பந்தக் காலத்தில் கப்பலேறி வந்து, இங்கே தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் பேப்பர் படிக்க வருவார். இரண்டாம் பக்கத்தைத் தாண்டியதில்லை. விழித்திருந்தவள் கலைமதி. தோட்டத் தொழிலாளர் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான அவள் வீட்டில் மேசை கிடையாது. மேசை போட இடமும் கிடையாது. குரூப் ஃபோர் தேர்வுக்கு நூலகத்தில் உட்கார்ந்துதான் படிக்கிறாள்.

"கலை, ஒரு பிரஷ்ஷக் கையில புடிச்சுக்க கண்ணு."

"அக்கா, நான் அடிப்படை உரிமைகள்ல இருக்கேன்."

"அது எங்கீம் போயிராது. புடி."

சுற்றறிக்கை போன மாதம் வந்தது. எல்லாக் கிளை நூலகங்களிலும் இரண்டு மாதத்துக்குச் சனிக்கிழமைதோறும் கலைப் பயிற்சி நடத்த வேண்டும். ஒவ்வொரு வகுப்பிலும் குறைந்தது இருபது பேர். இடமும் நேரமும் பதிந்த புகைப்படத்தை ஐந்து மணிக்குள் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். ஆள் சேர்க்க முடியாத கிளைகள் அருகிலுள்ள நூலகத்துடன் இணைக்கப்படும். இணைக்கப்படும் என்பது அலுவலகத் தமிழ். பூட்டப்படும் என்பது அதன் பொருள்.

கீழே சமவெளியில், அன்னூர்ப் பக்கத்து ஊர்ப்புற நூலகம் ஒன்றில் வேலாமணி பத்தொன்பது வருஷம் தொகுப்பூதியத்தில் இருந்தவள். கூட்டுவதும் அவள்தான், புத்தகம் கொடுப்பதும் அவள்தான். கையெழுத்து மட்டும் வேறொருவர். ஐம்பது வயதில் நிரந்தர வேலையும், 'கிளை நூலகர்' என்று பொறித்த ரப்பர் முத்திரையும் ஒன்றாக வந்தன. மலைமேல் பந்தலூருக்கும் சேரம்பாடிக்கும் நடுவில், தேயிலைத் தோட்டத்துப் பகுதி எண்ணே ஊர்ப்பெயராகிப்போன எட்டாம் நம்பர் என்ற முக்கில் வேலை. 'தண்டனையா?' என்று சொந்தக்காரர்கள் விசாரித்தார்கள். ஊராட்சிக் கட்டடத்தில் ஒரே ஒரு கூடம், மூன்று மேசை, நான்கு பீரோ. அவள் வாழ்க்கையில் 'என்ர' என்று சொல்லிக்கொள்ள வாய்த்த முதல் நூலகம் அது. ஓய்வுக்கு இன்னும் நான்கு வருஷம் இருந்தது.

"சேச்சி, ஆளில்லாம யாருக்குச் சொல்லிக் கொடுக்கறது?" என்றான் மலையாளம் கலந்து பேசும் ஓவிய ஆசிரியன் பிரைட்டன்.

பிரைட்டன் போர்டு எழுதுகிறவன். கூடலூரிலிருந்து சேரம்பாடி வரை 'யானைகள் கடக்கும் பகுதி, மெதுவாகச் செல்லவும்' என்று நிற்கும் பலகைகளில் பாதிக்குமேல் அவன் கைவேலை. யானையைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவான். வேறெதையும் கண்ணைத் திறந்துகொண்டும் வரைய மாட்டான்.

"வருவாங்க தம்பி, கொஞ்சம் பொறு" என்றாள் வேலாமணி, நம்பிக்கை இல்லாமல்.

வந்தது மழை. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேற்கிலிருந்து திரைபோல இறங்கும் பந்தலூர் மழை. முக்கில் மூன்று நாற்பது மினி பஸ்ஸுக்கு நின்றவர்கள் மொத்தமாக ஓடிவந்து நூலகத்துக்குள் ஏறினார்கள். அங்கே இருந்த நிழற்குடையை யானை சாய்த்து மூன்று வருஷமாகிறது. அன்றிலிருந்து மழை வந்தால் ஊருக்கு இதுதான் கூரை. வழக்கமாக வேலாமணி, "செருப்ப வெளிய உடுங்க, குடைய வெளிய வையுங்க" என்று வாசலில் நின்று சத்தம் போடுவாள்.

அன்றைக்கு எண்ணினாள். இருபத்தைந்து.

"வாங்க, வாங்க. உக்காருங்க. செருப்பெல்லாம் பரவால்லீங்க" என்றாள்.

ஆளுக்கொரு காகிதமும் பிரஷ்ஷும் கைக்கு வந்தன. இடுப்பில் பிளாஸ்டிக் படுதா கட்டியிருந்த தெய்வம்மா, கொழுந்து பறிக்கிறவள், பிரஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எதுக்கு டீச்சரம்மா?"

"படம் வரையறதுக்கு."

"என்ன படம்?"

"யானை" என்றான் பிரைட்டன்.

"ராத்திரி பூரா வாழைய முறிச்சிட்டுப் போகுது. பகல்லயும் அத உக்காந்து வரையணுமா?"

மூன்று முப்பத்து மூன்றுக்கு வேலாமணி படம் எடுத்தாள். மூன்று நாற்பதுக்கு ஹாரன் கேட்டது. மூன்று நாற்பத்தொன்றுக்குக் கூடத்தில் பழைய இரண்டு பேர் இருந்தார்கள். காகிதம் அத்தனையும் தலைக்கு மேல் பிடிக்கப்பட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டது. ஒரு வழுக்கைத் தலையில் நீல யானை ஒன்று கரைந்து வழிவது ஜன்னலோரம் தெரிந்தது.

இடது ஜன்னல் கம்பியில் போனைத் தொங்கவிட்டால்தான் சிக்னல் வரும். தொங்கவிட்டாள். படம் போயிற்று. கைதட்டும் கைகள் மூன்று வந்தன. பின்னாலேயே ஒரு வரியும் வந்தது: 'அடுத்த வாரம் முதல், இதே பங்கேற்பாளர்களுடன் பயிற்சி முடியும்போதும் ஒரு படம் தேவை. நேரம் 4.30.'

வேலாமணி நாற்காலியில் உட்கார்ந்தாள். குமாரசாமி கண் விழித்து, "மழை விட்டுட்டுதா?" என்று கேட்டார்.

மறுநாள் அவள் டீக்கடையில் மினி பஸ் டிரைவர் வசந்தகுமாரைப் பிடித்தாள்.

"ஏனுங் வசந்து, சனிக்கெழம மட்டும் வண்டிய நாலே முக்காலுக்கு எடுக்க முடியுமா?"

"எதுக்குக்கா?"

"கலைக்காக."

வசந்தகுமார் டீயை ஒரு மிடறு குடித்து யோசித்தான். சனிக்கிழமை அவனைக் கேட்பாரில்லை. ஒரு மணி நேரம் கூடுதலாகப் பந்தலூரில் சீட்டில் படுத்துத் தூங்கலாம்.

"செய்யலாம். அந்த வாஸ்து புத்தகத்தக் கேக்க மாட்டீங்களே?"

அவன் அதை எடுத்துப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. நான்கு நினைவூட்டல் கடிதம் அனுப்பியிருந்தாள்.

"எந்த வாஸ்து புத்தகம்?" என்றாள் வேலாமணி. பத்தொன்பது வருஷத் தொகுப்பூதியத்திலும் அவள் செய்யாத பாவம் அது.

இரண்டாம் சனிக்கிழமை மழை ஏமாற்றவில்லை. முப்பத்தொரு பேர். மூன்று மணிக்கு ஏறியவர்கள் நாலரைக்கும் அங்கேயே இருந்தார்கள். ஆனால் அங்கே இருந்தார்களே தவிர, வகுப்பில் இல்லை. சாலையில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் முப்பத்தொரு பேரும் பையோடு எழுந்து நின்றார்கள்.

"அது கொழுந்து லாரியாணு. உக்காரு, உக்காரு" என்று பிரைட்டன் கத்தினான். உட்கார்ந்தார்கள். ஒரு பைக் போயிற்று. எழுந்தார்கள்.

"எல்லாரும் இங்க பாருங்க" என்று வேலாமணி போனைத் தூக்கினாள். ஒருவரும் பார்க்கவில்லை. எடுத்த படத்தில் முப்பத்தொரு முகமும் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இன்னொன்று எடுத்தாள். அதிலும் வாசல்தான்.

குமாரசாமி சத்தத்தில் தூக்கம் கெட்டு எழுந்து வந்து படத்தை எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், நான் சொல்றேன்னு கோவிச்சுக்கப்படாது. இது வகுப்பு மாதிரி இல்ல. தலைமன்னார்ல நாங்க கப்பலுக்கு நின்னம் பாருங்க, அது மாதிரி இருக்கு."

"நீங்க போய்த் தூங்குங்கய்யா."

ஐந்து மணிக்கு அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது: 'ஏன் அனைவரும் கையில் பை வைத்துள்ளனர்?'

பையைக் கீழே வைக்கச் சொல்லியிருந்தாள்தான். "கீழ வச்சா, வண்டி வந்தா எவன் எடுத்துக் குடுப்பான்?" என்று கேட்டிருந்தாள் தெய்வம்மா. வேலாமணி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்று பதில் எழுதினாள்: 'பங்கேற்பாளர்கள் தத்தம் வீட்டுப் பொருட்களைக் கொண்டுவந்து, அவற்றைப் பார்த்து வரைந்து பழகுகின்றனர்.'

பதில் உடனே வந்தது: 'புதுமையான முயற்சி. அடுத்த வாரம் பொருட்கள் தெளிவாகத் தெரியுமாறு படம் எடுக்கவும்.'

தெளிவாகவே தெரிந்தன. சனிக்கிழமை வண்டி நாலே முக்காலுக்குத்தான், அதுவரை லைப்ரரியில் நாற்காலி போட்டு உட்காரலாம் என்ற செய்தி லயம் லயமாகப் பரவிவிட்டது. வழக்கமாக வாடகை ஜீப்பில் போகிறவர்கள்கூட வந்தார்கள். மூன்றாம் சனிக்கிழமை நாற்பத்து மூன்று பேர். மேசைமேல் ரேஷன் அரிசி, அரை மூட்டை இஞ்சி, ஒரு கேஸ் சிலிண்டர், கால் கட்டிய கோழி. டீக்கடை பாலாமணி வடைத்தட்டோடு வந்து வரலாற்று நூல்கள் பீரோ முன்னால் உட்கார்ந்துவிட்டாள். குமாரசாமியின் பேப்பர், அவர் இன்னும் எட்டிப்பார்க்காத தலையங்கப் பக்கம் உட்பட, யாருடைய கருவாட்டையோ சுற்றிக்கொண்டு போயிற்று.

பிரைட்டன் சிலிண்டரைக் காட்டி, "இத வரைங்க" என்று தானும் வரைந்தான். அதற்கும் தும்பிக்கை வந்தது.

"டீச்சரம்மா, கூடலூர் வண்டி எத்தன மணிக்கு?" என்று ஒருவர் கேட்டார்.

"நாலு அம்பது. தேவாலா வழி" என்றாள் வேலாமணி. சொன்ன பிறகுதான் உறைத்தது. மூன்று வாரத்தில் எல்லா வண்டி நேரமும் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது.

கலைமதியைக் காணவில்லை. தேடியபோது, கடைசி இரண்டு பீரோக்களுக்கு நடுவில் தரையில், கலைக்களஞ்சியத்தில் சாய்ந்து, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, உக்காந்து படிக்கிற மாதிரி இங்க பக்கத்துல வேற லைப்ரரி எதாச்சும் இருக்கா?"

யாருக்காக இந்த நூலகத்தைக் காப்பாற்றுகிறாளோ அவளுக்கு இங்கே இடமில்லை. 'இன்னும் அஞ்சு வாரம் கண்ணு' என்று சொல்ல வாயெடுத்தாள். கோழி கத்தியதில் அது யாருக்கும் கேட்கவில்லை.

அன்று மாலை வந்த செய்தியை அவள் ஜன்னலோரம் நின்று மூன்று முறை படித்தாள். 'மாவட்டத்திலேயே அதிகப் பங்கேற்பு. தங்கள் படங்கள் அனைத்துத் துறைகளுக்கும் அனுப்பப்பட்டுள்ளன. வரும் சனிக்கிழமை மூன்று மணிக்கு அதிகாரிகள் நேரில் வந்து கட்டடத்தைப் பார்வையிடுவர்.'

முதல் முறை படித்தபோது சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் முறை மணிக்கணக்குப் போட்டாள். அதிகாரிகள் டீ குடித்து, மாலை போட்டுக்கொண்டு, பேசி முடிக்க ஐந்தரை ஆகிவிடும். நாலே முக்காலுக்கு ஹாரன் அடித்தால்? பேச்சின் நடுவே நாற்பத்து மூன்று பேரும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை நினைத்துப் பார்த்தாள். மறுபடியும் டீக்கடைக்குப் போனாள்.

"ஆறு மணியா?" என்றான் வசந்தகுமார். "இருட்டு கட்டிரும்க்கா. யானை ரோட்டுக்கு வந்துரும்."

"ஒரே ஒரு நாளைக்கு மட்டும் வசந்து. என்ர லைப்ரரி உன்ர கையிலதான் இருக்குது."

அவன் தாடையைச் சொறிந்தான். "அந்த வாஸ்துல ரெண்டாம் பாகம் வந்திருக்குதுங்களா?"

இரண்டாம் பாகமும் போயிற்று, பதிவேட்டில் ஏறாமல்.

வாரம் முழுக்க வேலாமணி கூடத்தைக் கழுவினாள். கருவாட்டு வாசனை போக மூன்று நாளானது. பிரைட்டனின் ஓவியங்களைக் கயிறு கட்டித் துணி கிளிப்பில் தொங்கவிட்டாள். பதினொரு யானை. பதினொன்றும் இடது பக்கம் பார்த்து நின்றன.

"ஒண்ணாச்சும் அந்தப்பக்கம் திரும்பி நிக்கக் கூடாதா தம்பி?"

"போர்டுல எல்லாம் இடப்பக்கம்தான் சேச்சி. வலது பக்கம் எனக்கு வராது."

சனிக்கிழமை விடிந்தது. மூன்று சனிக்கிழமையும் தவறாமல் பெய்த மழை அன்றைக்கு விட்டிருந்தது. வானம் கழுவிய பீங்கான் மாதிரி இருந்தது. பகல் இரண்டரைக்கு வேலாமணி பட்டுப்புடவையோடு வாசலுக்கு வந்து பார்த்தபோது முக்கில் ஆட்கள் இருந்தார்கள். ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள். வசந்தகுமார் நல்லவன். வாரம் முழுக்க ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் சொல்லியிருந்தான், சனிக்கிழமை வண்டி ஆறு மணிக்குத்தான் என்று.

அவள் செருப்புப் போடாமல் ஓடினாள்.

"தெய்வம்மா, ஒரு மணி நேரம் வந்து உக்காந்துட்டுப் போயேன்."

"வண்டி ஆறு மணிக்காமே டீச்சரம்மா. அப்ப வழியில யானை நிக்கும். நீங்க கயித்துல மாட்டியிருக்கிறது மாதிரி சாதுவா நிக்காது."

"டீ, வடை எல்லாம் தாரேன்."

"மழை வரட்டும், வாரேன்" என்று சொல்லிவிட்டு அவள் ஜீப்பின் பின்னால் தொற்றிக்கொண்டாள். ஜீப் போயிற்று. சாலை காலியாயிற்று. வேலாமணி நடுமுக்கில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒரு மேகம் கிடையாது.

மூன்று மணிக்குக் கூடத்தில் கலைமதி இருந்தாள், குமாரசாமி இருந்தார், பிரைட்டன் இருந்தான். நாற்பது காலி நாற்காலிகள் இருந்தன. பாதி, கல்யாண மண்டபத்தில் இரவல் வாங்கியவை.

வெள்ளை ஜீப் சரியாக மூன்று ஐந்துக்கு வந்தது. இறங்கியவர் நூலக அதிகாரி இல்லை. நரைத்த மீசைக்காரர் ஒருவர். கூடவே ஒரு இளம்பெண் கோப்போடு இறங்கினாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் ராஜப்ரியா என்றிருந்தது. நூலக அதிகாரி பின்னால் வருகிறார்போல என்று நினைத்து வேலாமணி கும்பிட்டாள்.

"நீங்கதான் வேலாமணிங்களா? உங்க போட்டோவையெல்லாம் பாத்துட்டுத்தான் வர்றோம்" என்றார் மீசைக்காரர். குரலில் உண்மையான மரியாதை இருந்தது. "அருமையான வேலை பண்ணியிருக்கீங்க."

அவர் யானைகளைப் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்துக் கூடத்தை அளக்க ஆரம்பித்தார். ராஜப்ரியா எழுதிக்கொண்டாள்.

"ஜன்னல் ரெண்டும் ரோட்டப் பாத்த மாதிரி இருக்குது. நல்லது."

"படிக்கறதுக்கு வெளிச்சம் வேணுமுங்களே."

"இந்த முன் சுவரு இல்லாட்டி இன்னும் விசாலமா இருக்கும். எத்தன பேரு வரைக்கும் உக்காந்திருக்காங்க?"

"நாப்பத்தி மூணுங்க."

"பத்தாது, பத்தாது" என்றார் அவர். "பெரிசு பண்ணிரலாம்."

வேலாமணி பீரோவைப் பிடித்துக்கொண்டாள். பெரிசு பண்ணுகிறார்கள். சுவரை இடித்து இன்னொரு கூடம் கட்டப்போகிறார்கள். கலைமதிக்குத் தனியாக ஒரு மேசை, ஒரு கதவு. குமாரசாமிக்குச் சாய்வு நாற்காலி. பொய் சொல்லி வாங்கிய கூடம். தொகுப்பூதியத்தில் பத்தொன்பது வருஷம் ஒரு உறுப்பினர் அட்டைகூடக் கூடுதலாக எழுதாதவள், நாலு வாரத்தில் நாற்பத்து மூன்று பேரை ஓவியராக்கியிருக்கிறாள்.

"இன்னைக்கு ஏன் யாரையும் காணோம்?" என்றார் மீசைக்காரர், டேப்பைச் சுருட்டிக்கொண்டே.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார், ஒண்ணு சொல்லோணுமுங்க" என்று ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். சாய்ந்த நிழற்குடை, மழை, மூன்று நாற்பது வண்டி, வசந்தகுமார், வாஸ்து இரண்டு பாகம், கேஸ் சிலிண்டர், கோழி. "ஓவியம் கத்துக்கறதுக்குன்னு ஒருத்தரும் வருலீங்க. படத்துல இருக்கற அத்தன பேரும் பஸ்ஸுக்கு நின்னவங்க. என்ர லைப்ரரிக்குன்னு வர்றது இந்தப் புள்ளையும் அந்தப் பெரியவரும் மட்டுந்தானுங்க. பொய் சொன்னது நானு. என்னைய என்ன வேண்ணாலும் பண்ணுங்க. லைப்ரரிய மட்டும் பூட்டிராதீங்க."

குமாரசாமி விழித்திருந்தார். பிரைட்டன் யானைகளைப்போல இடது பக்கம் பார்த்து நின்றான். மீசைக்காரர் சங்கடத்தோடு ராஜப்ரியாவைப் பார்த்தார்.

அந்தப் பெண் சிரித்த முகத்தோடு கோப்பைத் திறந்தாள். உள்ளே வேலாமணி எடுத்த படங்கள் வரிசையாக அச்சிட்டு ஒட்டப்பட்டிருந்தன. கையில் பையோடு முப்பத்தொரு பேர், வாசலைப் பார்த்துத் திரும்பிய முப்பத்தொரு முகம்.

"அது படத்தப் பாத்ததுமே எங்களுக்குத் தெரிஞ்சுதுங்க மேடம்" என்றாள் ராஜப்ரியா. "எட்டாம் நம்பருக்கு நிழற்குடை வேணும்னு எங்க ஊராட்சி ஒன்றிய ஆபீசுக்கு மூணு வருசமா வந்த மனுவயெல்லாம், அங்க பஸ்ஸுக்கு ஆள் நிக்கறதுக்கு ஆதாரம் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டிருந்தோம். இப்ப நீங்க அனுப்புன படத்த வெச்சுத்தான் இந்தக் கட்டடத்தையே நிழற்குடையா மாத்தச் சொல்லி ஆர்டர் ஆயிருக்குது."